பி0133 கோடு, மைலேஜ் இறங்கிருச்சு: ஆக்சிஜன் சென்சார் தான் போச்சான்னு எப்படி உறுதி பண்றது?

மலைக்கோட்டை_ரைடர்:
எல்லாருக்கும் வணக்கம். என்னோடது 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 1,18,000 கிமீ ஓடிருக்கு. ஹைவேல 17, 18 குடுத்துட்டு இருந்த வண்டி இப்ப 13 தாண்ட மாட்டேங்குது. காலைல ஸ்டார்ட் பண்ணா ஒண்ணும் தெரியல, சூடானப்புறம் சிக்னல்ல நிக்கும்போது ஐட்லிங் லேசா ஏறி இறங்குது, சைலன்சர் பக்கம் போய் நின்னா பெட்ரோல் வாசன அடிக்குது. போன வாரம் செக் எஞ்சின் லைட் வந்துருச்சு. ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வாங்கி போட்டுப் பாத்தேன், பி0133 மட்டும் காட்டுது. பக்கத்துல ஒரு ஒர்க்ஷாப்ல காட்டினேன், அவங்க கோட பாத்த உடனேயே முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்சிஜன் சென்சாரும் மாத்தணும், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் அடைச்சிருக்கும் அதையும் சேத்து மாத்திடலாம்னு ஒரு பெரிய தொகை சொல்றாங்க. வண்டிய தூக்கி கூட பாக்கல. இத நம்பி செலவு பண்ணலாமா, இல்ல வீட்ல வச்சே ஏதாச்சும் டெஸ்ட் பண்ணி தெரிஞ்சுக்க வழி இருக்கா?

வைகை_டிரைவர்:
ப்ரோ, 1 லட்சம் தாண்டிருச்சுல்ல, முன்னாடி சென்சார கண்ண மூடிட்டு மாத்திருங்க. ஹீட்டர் வச்ச சென்சாருக்கு ஆயுசே சுமார் 1,60,000 கிமீன்னு தான் சொல்லுவாங்க, நம்ம ஊரு தூசிக்கும் ட்ராஃபிக்குக்கும் அதுக்கு முன்னாடியே போயிரும். கேட்டலிட்டிக்க மட்டும் இப்போதைக்கு தொடாதீங்க, கேட்டலிட்டிக் சரியா வேல செய்யலங்கற பி0420 கோடு வராம அதுல கை வைக்க வேணாம்.

ஸ்பானர்22:
வைகை தம்பி, கேட்டலிட்டிக் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா சென்சார கண்ண மூடிட்டு மாத்தறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். கோயம்புத்தூர்ல பெட்ரோல் வண்டி வேல தான் பாக்கறேன், வாராவாரம் சென்சார் மாத்தியும் லைட் போகலன்னு யாராச்சும் வண்டிய கொண்டு வந்து நிறுத்தறாங்க. போன மாசம் ஒரு கார் வந்துச்சு, பி0171, மிக்ஸ்ச்சர் லீன், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னு கோடு. வேற எடத்துல புது சென்சார் போட்டு அனுப்பிருக்காங்க, அடுத்த நாளே அதே கோடு. பாத்தா எஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற மேனிஃபோல்டு பேக்கிங்ல ஒரு ஓரம் கருத்துப் போய் லீக். சென்சாருக்கு முன்னாடி அப்படி ஓட்ட இருந்தா எக்ஸாஸ்ட் அடிச்சு விடற இடைவெளில வெளிக்காத்து உள்ள போகுது, சென்சார் அந்தக் காத்துல இருக்கற ஆக்சிஜன பாத்து லீன்னு சொல்லுது. பழைய சென்சாரும் சரியா தான் சொல்லிருக்கு, புதுசும் சரியா தான் சொல்லிருக்கு. பேக்கிங் மாத்தினதும் லைட் போச்சு. அந்த கஸ்டமர் காசு வீணா போச்சு, எனக்கே மனசு கஷ்டமா இருந்துச்சு.

மலைக்கோட்டை சார், பி0133ன்னா முன்னாடி சென்சார் மெதுவா பதில் சொல்லுதுன்னு எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூக்குத் தோணுதுன்னு அர்த்தம், அவ்ளோதான். சென்சார் பழசானாலும் வரும், எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலும் வரும், வயர் சேர்ற கப்ளர்ல தண்ணி போனாலும், எலி வயர கடிச்சிருந்தாலும் வரும். அதனால மொதல்ல நம்பர் குடுங்க. வண்டிய நல்லா சூடு பண்ணி, கூலன்ட் 85 டிகிரி தாண்டினப்புறம், ஐட்லிங்லயும் 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சும் இதெல்லாம் எழுதிட்டு வாங்க: ஷார்ட் டேர்ம் ட்ரிம், லாங் டேர்ம் ட்ரிம் (ட்ரிம்னா ஈசியூ பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது கொறைக்குதுங்கற கணக்கு, ஷார்ட் அப்பப்ப பண்றது, லாங் பழகி நிலையா வச்சுக்கறது), முன் சென்சார் வோல்டேஜ், பின் சென்சார் வோல்டேஜ். கோட இப்ப அழிக்காதீங்க, அழிச்சா கோடு விழுந்த நேரத்துல பதிவான ரீடிங், அதாவது ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேந்து போயிரும், அதுவும் வேணும்.

ஈசியூ_சென்னை:
ஒரு சின்ன விஷயம் சேத்துக்கறேன். விலை கம்மியான இஎல்எம்327 ஸ்கேனர் ஒரு செகண்டுக்கு ரொம்ப கொஞ்சம் ரீடிங் தான் எடுக்கும், நீங்க ஸ்க்ரீன்ல பத்து மீட்டர் வச்சிருந்தா அந்தக் கொஞ்சத்தையும் பத்தா பிரிச்சிரும். நல்ல சென்சார் கூட அதுல சோம்பேறி மாதிரி தெரியும். சென்சார் வேகத்த பாக்கும்போது அந்த ஒரு வோல்டேஜ் க்ராஃப மட்டும் ஓட விட்டு மத்தத எல்லாம் ஆஃப் பண்ணிடுங்க. ட்ரிம்முக்கு அவசரம் இல்ல, அத தனியா பாருங்க.

அப்புறம் புதுசா படிக்கறவங்களுக்காக சொல்றேன், இந்த மாதிரி வண்டில கேட்டலிட்டிக்குக்கு முன்னாடி இருக்கறது பெரும்பாலும் சிர்கோனியா சென்சார். உள்ள ஒரு செராமிக் குப்பி, ரெண்டு பக்கமும் பிளாட்டினம் பூச்சு, ஒரு பக்கம் வெளிக்காத்து, ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் புகை. சுமார் 300, 350 டிகிரி சூடானதும் ரெண்டு பக்கத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு தகுந்த மாதிரி அதுவே வோல்டேஜ் உண்டாக்கும். பெட்ரோல் ஜாஸ்தின்னா 0.9 வோல்ட் பக்கம், காத்து ஜாஸ்தின்னா 0.1 பக்கம், நடுவுல 0.45. ஈசியூ அத பாத்து பெட்ரோல கூட்டும் கொறைக்கும், அதனால வோல்டேஜ் சும்மா மேலயும் கீழயும் போய்ட்டே இருக்கறது தான் ஆரோக்கியம். 2500 ஆர்பிஎம்ல செகண்டுக்கு ஒரு தடவையாச்சும் நடுக்கோட்ட தாண்டணும், நல்ல சென்சார் அதுக்கு மேலயே தாண்டும்.

மலைக்கோட்டை_ரைடர்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயந்திரம் எடுத்தேன்.
ஐட்லிங்: ஷார்ட் டேர்ம் ப்ளஸ் 3ல இருந்து ப்ளஸ் 7 வரைக்கும் ஆடுது, லாங் டேர்ம் ப்ளஸ் 14. முன் சென்சார் 0.15க்கும் 0.6க்கும் நடுவுல ரொம்ப நிதானமா ஏறி இறங்குது. பின் சென்சார் 0.78ல அசையாம நிக்குது.
2500ல: லாங் டேர்ம் ப்ளஸ் 13. முன் சென்சார் அதே மாதிரி தான், கொஞ்சம் வேகம் கூடின மாதிரி இருக்கு. பின் சென்சார் 0.8.
ஃப்ரீஸ் ஃப்ரேம்ல கூலன்ட் 91, ஆர்பிஎம் 2200, வேகம் 68 கிமீ. அதாவது ரிங் ரோட்ல போய்ட்டு இருந்தப்ப விழுந்துருக்கு.
மிஸ்ஃபயர் கோடு எதுவும் இல்ல.

ஸ்பானர்22:
சார் அருமையா எடுத்துருக்கீங்க, இந்த நம்பர்லயே பாதி விஷயம் வந்துருச்சு. பொறுமையா பாருங்க.

லாங் டேர்ம் ப்ளஸ் 14ன்னா ஈசியூ கணக்குப்படி மிக்ஸ்ச்சர் லீன், அதனால வழக்கத்த விட 14 சதவீதம் பெட்ரோல் கூட ஊத்துது. ப்ளஸ் மைனஸ் 10க்குள்ள இருந்தா நான் கண்டுக்க மாட்டேன், இது தாண்டிருக்கு. இப்ப கேள்வி, எஞ்சின் நெஜமாவே லீனா, இல்ல சென்சார் லீன்னு பொய் சொல்லுதா. பின்னாடி சென்சார பாருங்க, 0.78, 0.8. கேட்டலிட்டிக் தாண்டி வர்ற புகை நல்லா ரிச்சா இருக்குன்னு அது சொல்லுது. முன்னாடி இருக்கறது பெட்ரோல் பத்தலங்குது, பின்னாடி இருக்கறது ஜாஸ்தின்னு சொல்லுது. உங்க மூக்குக்கும் பெட்ரோல் வாசன வருதுன்னு எழுதிருக்கீங்க, மைலேஜும் விழுந்துருக்கு. பின் சென்சார், மூக்கு, மைலேஜ் மூணும் ஒரு பக்கம், முன் சென்சார் மட்டும் தனியா ஒரு பக்கம். தராசு கொறைச்சு காட்டுச்சுன்னா கடைக்காரர் அள்ளி அள்ளி போட்டுட்டே தான இருப்பாரு, ஈசியூ இப்ப அதத்தான் பண்ணிட்டு இருக்கு.

இன்னொண்ணு, ஐட்லிங்லயும் 2500லயும் ட்ரிம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கு. எக்ஸாஸ்ட் லீக்னா வழக்கமா ஐட்லிங்ல தான் ரொம்ப ஆடும், ரேஸ் பண்ணா கொறையும். பம்ப் வீக்கா இருந்தாலோ ஃபில்டர் அடைச்சிருந்தாலோ லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும், அப்படி இருந்தா பின் சென்சாரும் லீன் தான் காட்டும். உங்களுக்கு ரெண்டும் பொருந்தல. இருந்தாலும் நான் இப்பவே சென்சார்னு முத்திரை குத்த மாட்டேன். நாலு ஸ்பார்க் ப்ளக்கையும் கழட்டி ஃபோட்டோ பிடிங்க. ட்ரிம் ப்ளஸ்ல இருந்து ப்ளக் வெள்ளையா, வெளுத்து இருந்தா எஞ்சின் நெஜமாவே லீன், சென்சார் உண்மை பேசுது. ட்ரிம் ப்ளஸ்ல இருந்து ப்ளக் கருப்பா கரி பிடிச்சிருந்தா சென்சார் ஏமாறுது இல்ல ஏமாத்துது. நாலுமே ஒரே மாதிரி கருப்பான்னும் பாருங்க. ஒண்ணு மட்டும் கருப்புன்னா அது காயில், இன்ஜெக்டர் பக்கம் போகற விஷயம், ஏன்னா மிஸ்ஃபயர் ஆனா எரியாத பெட்ரோலோட எரியாத ஆக்சிஜனும் வெளிய வரும், சென்சார் பெட்ரோல பாக்காது ஆக்சிஜன தான் பாக்கும், லீன்னு சொல்லிரும்.

ப்ளக் பாக்கறதோட எக்ஸாஸ்ட் லீக்கும் பாத்துருங்க. காலைல எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது மேனிஃபோல்டு பேக்கிங் சுத்தியும் சென்சார் மரை சுத்தியும் சோப்புத் தண்ணி விட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, இன்னொருத்தர விட்டு சைலன்சர் வாய துணியால லேசா அடைக்கச் சொல்லுங்க, கொஞ்ச நேரம் போதும். லீக் இருந்தா நுரை வரும், டிக் டிக்னு சத்தமும் கேக்கும். சூடானப்புறம் தண்ணி விடாதீங்க, சென்சார் செராமிக் சூட்டுல தண்ணி பட்டா விரிசல் விட்டுரும்.

சேலம்_பயணி:
நடுவுல ஒரு சந்தேகம். இப்ப பங்க்ல எல்லாம் ஈ20 தான வருது, 20 சதவீதம் எத்தனால் கலந்ததால ட்ரிம் ஏறிருக்க வாய்ப்பு இல்லையா? என் வண்டிலயும் முன்ன விட ப்ளஸ்ல தான் இருக்கு. மைலேஜும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு.

ஈசியூ_சென்னை:
நல்ல கேள்வி, நெறைய பேர் இதுல குழம்பறாங்க. சுத்த பெட்ரோலுக்கு ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து வேணும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும், ஏன்னா எத்தனாலுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கு. அதனால ஈ10 போட்டா கணக்கு 14.1 பக்கம் வரும், ஈ20 போட்டா 13.5 பக்கம். பழைய கணக்குல ட்யூன் பண்ண ஈசியூ கூட பெட்ரோல் ஊத்தித் தான் ஆகணும், ஈ10ல இருந்து ஈ20 மாறினா சுமார் 4 சதவீதம் ட்ரிம் ஏறறது இயல்பு. அதுக்கு சென்சார் மேல பழி போடக்கூடாது, சென்சார் தன் வேலைய சரியா செஞ்சதால தான் ட்ரிம் ஏறுது. உங்க வண்டி ப்ளஸ் 5, 6ல நிலையா இருந்து கோடு எதுவும் இல்லன்னா நிம்மதியா ஓட்டுங்க.

ஆனா மலைக்கோட்டை வண்டிக்கு இது காரணம் இல்ல. எத்தனாலால ஏறின ட்ரிம்முன்னா ஊத்தின அப்புறம் மிக்ஸ்ச்சர் சரியா இருக்கும், பின் சென்சார் 0.8ல போய் ஒட்டிக்காது, பெட்ரோல் வாசனையும் வராது. அவருக்கு 14ல ஒரு பங்கு ஈ20க்குன்னு வச்சாலும் மிச்சத்துக்கு வேற காரணம் இருக்கு. இன்டேக்ல வெளிக்காத்து புகற வேக்யூம் லீக்கையும் நான் பெருசா சந்தேகப்படல, அவர் வண்டி இன்டேக் அழுத்தத்த வச்சு காத்த கணக்கு போடற மேப் சென்சார் வண்டின்னா லீக் ஆகற காத்தும் கணக்குல வந்துரும், ட்ரிம் ஏறறத விட ஐட்லிங் ஆர்பிஎம் தான் ஏறும்.

மலைக்கோட்டை_ரைடர்:
ப்ளக் கழட்டினேன். நாலும் ஒரே மாதிரி, காஞ்ச கரி, விரல்ல தொட்டா கருப்பு ஒட்டுது. எண்ணெய் பிசுக்கு இல்ல. எக்ஸாஸ்ட் லீக் இன்னிக்கு காலைல தம்பிய வச்சு பாத்தேன், நுரை எங்கயும் வரல, சத்தமும் இல்ல. மேப் சென்சார் வண்டி தான். வயரிங்கும் கூடவே பாத்தேன், எலி கடிச்ச மாதிரி இல்ல, கப்ளர் காஞ்சு தான் இருக்கு, பின் எல்லாம் பளபளன்னு இருக்கு.

வைகை_டிரைவர்:
அப்ப சென்சார் தான்னு ஆயிருச்சுல்ல. ஸ்பானர் அண்ணே, நீங்க சொன்ன பேக்கிங் கதய படிச்சப்புறம் ஒத்துக்கறேன், பாத்துட்டு மாத்தறது தான் சரி. ஒரு கேள்வி, இந்த சென்சார கழட்டி பெட்ரோல்ல ஊற வச்சு வயர் பிரஷ் போட்டு க்ளீன் பண்ணா திரும்ப வேல செய்யும்னு வீடியோல காட்டறாங்களே, அத மொதல்ல ட்ரை பண்ணலாமா? இல்லன்னா புதுப்பேட்டைல ஒரு பழைய சென்சார் பிடிச்சு போட்டா காசு மிச்சமாகும்ல?

ஸ்பானர்22:
ரெண்டும் வேணாம் தம்பி. வெளில தெரியற ஓட்ட போட்ட மூடிக்கு உள்ள தான் செராமிக் இருக்கு, அது மேல பிளாட்டினம், அதுக்கு மேல காத்து பூர்ற மாதிரி மெல்லிசா ஒரு பூச்சு. பிரஷ் போட்டா மூடியில இருக்கற கரி உதிரும், வீடியோல பளிச்சுனு தெரியும், உள்ள அடைச்ச பூச்சுல ஒண்ணும் நடக்காது. வெறும் கரின்னா வண்டிய சரி பண்ணி நல்லா ஓட்டினாலே சூட்டுல அதுவே எரிஞ்சிரும். சிலிக்கானோ ஈயமோ ஆயில் சாம்பலோ உக்காந்துச்சுன்னா எதுல ஊற வச்சாலும் போகாது. இந்த ஈயத்தாலதான 1995ல சென்னை, டெல்லி, மும்பை, கல்கத்தா நாலு ஊர்லயும் கேட்டலிட்டிக் வச்ச புது கார் வந்தப்ப ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வர வேண்டியிருந்துச்சு, 2000ல இருந்து நாடு முழுக்க ஈயம் போயிருச்சு. அதனால இப்ப ஈயத்தால சாகற சென்சார நான் பாக்கறது இல்ல, சிலிக்கானால சாகறத நெறைய பாக்கறேன்.

பழைய சென்சார் கதயும் அப்படித்தான். அது எந்த வண்டில, என்ன புகைல, எத்தன கிமீ இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. டோர், பம்பர், லைட்டுக்கு புதுப்பேட்டை நல்ல எடம், நானே போவேன். தேயற சாமான பழசுல வாங்கினா அதே டெஸ்ட மறுபடி மொதல்ல இருந்து பண்ணணும்.

மலைக்கோட்டை சார், கடைசி சோதனை ஒண்ணு இருக்கு, இத பண்ணிட்டா யார் வந்து கேட்டாலும் நெஞ்ச நிமித்தி சொல்லலாம். சென்சாருக்கு நாமளே ரிச்சும் லீனும் காட்டி அது ஒழுங்கா சொல்லுதான்னு பாக்கறது. வண்டி நல்லா சூடா இருக்கணும், ஸ்கேனர்ல முன் சென்சார் க்ராஃப் மட்டும் ஓடணும். நியூட்ரல்ல ஆக்சிலரேட்டர டக்குனு ஒரு மிதி மிதிச்சு விடுங்க. மிதிச்ச உடனே மிக்ஸ்ச்சர் ரிச் ஆகும், வோல்டேஜ் 0.8 தாண்டி குதிக்கணும். அப்புறம் ரோட்ல மூணாவது கியர்ல போகும்போது கால முழுசா எடுத்துட்டு க்ளட்ச் அமுக்காம இறக்கத்துல விடுங்க, அப்ப ஈசியூ பெட்ரோல நிறுத்திரும், வெறும் காத்து தான் போகும், வோல்டேஜ் 0.1க்கு கீழ விழணும். திரும்ப மிதிச்சதும் எவ்ளோ சீக்கிரம் மேல வருதுன்னு பாருங்க. ரிச் காட்டறதுக்குன்னு ஸ்ப்ரே எதுவும் அடிக்க வேண்டிய அவசியமே இல்ல, சூடான எஞ்சின் பக்கத்துல கார்ப் க்ளீனர் அடிக்கறது ஆபத்து.

சூடு ஆறினப்புறம் ஹீட்டரையும் பாத்துருங்க. கப்ளர கழட்டி சென்சார் பக்கம், ஒரே கலர்ல ரெண்டு வயர் இருக்கும், பெரும்பாலும் ரெண்டு வெள்ளை, சில கம்பெனில ரெண்டு கருப்பு. அதுக்கு நடுவுல ஓம் பாருங்க. சில ஓம்ல இருந்து 15 ஓம்க்குள்ள ஏதோ ஒண்ணு வந்தா கம்பி அறுகலன்னு அர்த்தம், சரியான அளவு உங்க சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். ஒண்ணும் காட்டலன்னா ஹீட்டர் அறுந்துருச்சு, ஆனா அதுக்கு தனியா பி0135 வந்துருக்கணும். சிக்னல் வயர்ல மட்டும் ஓம் மீட்டர வைக்காதீங்க, டெஸ்ட் லாம்பும் வேணவே வேணாம். அங்க வோல்டேஜ் தான் பாக்கணும், அதுவும் டிஜிட்டல் மீட்டர்ல.

யாழ்_வாகனம்:
வணக்கம் அண்ணை, யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட விளக்கம் நல்ல பிரயோசனமா இருக்கு. என்னட்ட இருக்கிறது ஜப்பானில இருந்து இறக்கின கார். நீங்கள் சொன்ன மாதிரி முன் சென்சர மீற்றர் வைச்சுப் பாத்தன், 3.3 வோல்ற்றில அப்பிடியே நிக்குது, ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. இஞ்ச கராஜில சென்சர் செத்துப்போச்சு எண்டு சொல்லினம். ஆனா லைற்றும் வரேல்ல, பெற்றோல் செலவும் கூடேல்ல. என்ன செய்யிறது?

ஈசியூ_சென்னை:
யாழ் நண்பரே, தயவுசெஞ்சு மாத்திடாதீங்க. உங்களோடது பெரும்பாலும் ஏர் ஃப்யூவல் ரேஷியோ சென்சார், அதுக்கு 0.1, 0.9 கணக்கே கிடையாது. டொயோட்டா மாதிரி ஜப்பான் வண்டில அந்த வயர்ல ஈசியூவே 3.3 வோல்ட்ட பிடிச்சு வச்சிருக்கும், சென்சார் பேசறது வோல்டேஜ்ல இல்ல, அதுல ஓடற ரொம்ப சின்ன கரன்ட்ல. மிக்ஸ்ச்சர் சரியா இருந்தா கரன்ட் பூஜ்யம், லீன்னா ஒரு பக்கம் ஓடும் ரிச்னா எதிர்ப்பக்கம் ஓடும். மல்டிமீட்டர் வச்சா என்ன பண்ணாலும் 3.3 தான் காட்டும். ஸ்கேனர்ல தான் பாக்கணும், அங்க ஈசியூ கணக்கு போட்டு காட்டற வோல்டேஜ் 3.3க்கு மேல போனா லீன், கீழ போனா ரிச், சாதாரண சென்சாருக்கு அப்படியே தலைகீழ். சில பழைய டொயோட்டால சாதா ஸ்கேனர்ல இதையே அஞ்சால வகுத்து 0.66ன்னு காட்டும், அத பாத்துட்டு ரிச்ல ஒட்டிருச்சுன்னு நெனைக்கறவங்களும் உண்டு. ஸ்கேனர் லாம்டான்னு, அதாவது மிக்ஸ்ச்சர் சரியான அளவுக்கு எவ்ளோ பக்கத்துல இருக்குன்னு காட்டினா இன்னும் சுலபம், 1.00 பக்கம் சுத்தினா நல்லா இருக்கு. அஞ்சு வயர் வைட்பேண்ட் சென்சாரும் கரன்ட் கணக்கு தான், நம்ம ஊரு பிஎஸ்6 வண்டி சிலதுலயும் அது வருது. மலைக்கோட்டைக்கு இங்க சொன்ன வோல்ட் கணக்க எல்லா வண்டிக்கும் போட்டுப் பாக்காதீங்க, எந்த வகை சென்சார்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும்.

யாழ்_வாகனம்:
மெத்தப் பெரிய உபகாரம். ஸ்கேனரில பாத்தன், லாம்டா 0.99க்கும் 1.01க்கும் இடையில தான் நிக்குது. சென்சர் மாத்திற கதைய விட்டாச்சு.

மலைக்கோட்டை_ரைடர்:
டெஸ்ட் முடிச்சிட்டேன் ஸ்பானர் சார். ஹீட்டர் 9 ஓம் காட்டுது. நியூட்ரல்ல மிதிச்சப்ப வோல்டேஜ் 0.62 வரைக்கும் தான் போச்சு, எவ்ளோ வேகமா மிதிச்சாலும் அதுக்கு மேல போகல. மூணாவது கியர்ல கால எடுத்தப்ப கீழ வருது, ஆனா விழல, சரிஞ்சு சரிஞ்சு இறங்குது, 0.1 பக்கம் போய்ச்சேர ரெண்டு செகண்டுக்கு மேல ஆகுது. அதே நேரத்துல பின் சென்சார தனியா ஓட விட்டுப் பாத்தேன், அது கால எடுத்ததும் பூஜ்யத்துக்குப் போய், மிதிச்சதும் 0.8க்கு வந்துருது. கேட்டலிட்டிக் தாண்டி கடைசில இருக்கற சென்சாரே முன்னாடி இருக்கறத விட சுறுசுறுப்பா இருக்கு.

ஸ்பானர்22:
இனிமே சந்தேகமே வேணாம், முன் சென்சார் தேஞ்சிருச்சு. நல்ல சென்சார் ரிச்ல இருந்து லீனுக்கு ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரத்துல விழுந்துரும், ஸ்கேனர் தாமதம் எவ்ளோ சேத்தாலும் ரெண்டு செகண்ட் ஆகாது. மேல 0.9 போக வேண்டியது 0.6லயே நின்னுடுது, அதனால ஈசியூ நடுக்கோடு 0.45 தாண்டறதுக்கே கூட கூட பெட்ரோல் ஊத்த வேண்டியிருக்கு. உங்க கரி ப்ளக்குக்கும் மைலேஜுக்கும் அதுதான் காரணம். பின் சென்சார் நல்லா இருக்கு, கேட்டலிட்டிக்குக்கும் கோடு இல்ல, ரெண்டையும் தொடாதீங்க. முன் சென்சார் ஒண்ணு மட்டும், உங்க வண்டி பார்ட் நம்பர் பாத்து வாங்குங்க. யுனிவர்சல்னு வயர வெட்டி ஒட்டற வகை வேணாம், வெளிக்காத்து அந்த வயர் உறை வழியா தான் உள்ள போகுது, சால்டர் வச்சு அடைச்சிட்டா புது சென்சாரும் தப்பா பேசும். கப்ளர்ல க்ரீஸ், கான்டாக்ட் ஸ்ப்ரே எதுவும் அடிக்காததும் அதே காரணத்துக்குத் தான்.

கழட்டும்போது எஞ்சின் கை பொறுக்கற சூட்டுல இருக்கட்டும், ரொம்ப ஜில்லுனு இருந்தா மரை பிடிச்சுக்கும், மரையோட சேத்து பிடுங்கிட்டு வந்துரும். முந்தின நாள் ராத்திரியே மரை ஓரத்துல கொஞ்சம் டபிள்யூடி40 விட்டு வைங்க. 22 ஸ்பேனர், இல்ல பக்கத்துல வெட்டு விட்ட சென்சார் சாக்கெட். புதுச மொதல்ல கையாலயே சுத்தி ஏத்துங்க, அப்புறம் 40 நியூட்டன் மீட்டர் பக்கம் டைட் பண்ணா போதும். நெறைய புது சென்சார்ல மரைல க்ரீஸ் தடவியே வரும், தனியா போடணும்னா மரைல மட்டும், முனைல ஒரு துளி கூட படக்கூடாது. கழட்டின பழைய சென்சார் முனைய நல்ல வெளிச்சத்துல ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, ஏன் செத்துச்சுன்னு அது சொல்லும்.

மலைக்கோட்டை_ரைடர்:
மாத்தியாச்சு. கொஞ்சம் முரண்டு பிடிச்சுது, ஆனா மரை கெடாம வந்துருச்சு. முனைய பாத்தா எனக்கு ஆச்சரியம், கருப்பா இருக்கும்னு தான் எதிர்பாத்தேன், ஆனா கரிய லேசா தட்டினா அடில வெள்ளையா, மாவு பூசின மாதிரி ஒரு படலம். ஃபோட்டோ போட்டுருக்கேன். இது கூலன்ட்டா? ஹெட் பேக்கிங் போயிருக்குமோன்னு பயமா இருக்கு.

ஸ்பானர்22:
ஃபோட்டோ பாத்தேன். கூலன்ட் உள்ள போனாலும் வெளுத்த படலம் வரும், அதனால அந்த பயம் நியாயம் தான். கூலன்ட் டேங்க்ல லெவல் கொறையுதா, ஆயில் மூடிக்கு அடில காப்பி கலர்ல நுரை இருக்கா, காலைல ஸ்டார்ட் பண்ணா இனிப்பு வாசனையோட வெள்ளப் புகை வருதா? மூணும் இல்லன்னா ஹெட் பேக்கிங்க விட்டுருங்க. அப்புறம் ஒண்ணு கேக்கறேன், எஞ்சின் மேல மூடியா இருக்கற டேப்பட் கவர் எப்பவாச்சும் கழட்டி போட்டாங்களா?

மலைக்கோட்டை_ரைடர்:
கூலன்ட் கொறையல, நுரை இல்ல, புகை இல்ல. டேப்பட் கவர்ல ஆயில் கசியுதுன்னு போன வருஷம் வெளில ஒருத்தர்ட்ட குடுத்து சரி பண்ணேன். இப்ப பானெட் தூக்கிப் பாத்தா ஓரம் முழுக்க சிவப்பா சிலிக்கான் பிதுங்கி நிக்குது. ரப்பர் பேக்கிங் புதுசு போடாம பழசு மேலயே அத தடவிருக்காங்க போல.

ஸ்பானர்22:
அங்க தான் இருக்கு விஷயம். எல்லா சிலிக்கான் கம்மும் ஒண்ணு இல்ல. சாதா வகை காயும்போது அசிட்டிக் வாசன வரும், அதுல இருந்து வர்ற சிலிக்கான் ஆவி எஞ்சினுக்குள்ள இருக்கற ஆவிய திருப்பி அனுப்பற பிசிவி வழியா இன்டேக்குக்குப் போய், எரிஞ்சு மண்ணு மாதிரி சிலிக்காவா மாறி சென்சார் பூச்சு மேல உக்காந்துக்கும். வெளிய வெள்ளையா தெரியறது அதுதான். எக்ஸாஸ்ட் புகை செராமிக்க தொட நேரம் ஆகுது, அதனால மெதுவா பதில் சொல்லுது. 1,18,000 கிமீ வயசும் சேந்திருக்கும், ஆனா வெள்ளப் படலம் வயசால வராது. இத சரி பண்ணாம விட்டீங்கன்னா புது சென்சாருக்கும் இதே கதி. கவர கழட்டி, பழைய கம்ம பிளாஸ்டிக் சுரண்டியால சுத்தமா எடுத்து, புது ரப்பர் பேக்கிங் போட்டு, கார்னர்ல மட்டும் ஆக்சிஜன் சென்சாருக்கு பாதிப்பு இல்லன்னு ட்யூப்லயே எழுதிருக்கற கம்ம ஒரு பொட்டு வைங்க.

மலைக்கோட்டை_ரைடர்:
டேப்பட் கவர் பேக்கிங் புதுசு போட்டாச்சு, நீங்க சொன்ன வகை கம் தான். ப்ளக் நாலும் மாத்திட்டேன். கோட அழிச்சு ட்ரிம்ம ரீசெட் பண்ணி ஓட்டினேன். இப்ப லாங் டேர்ம் ப்ளஸ் 4, முன் சென்சார் 0.1ல இருந்து 0.88 வரைக்கும் டக் டக்னு குதிக்குது, பின் சென்சார் 0.65ல அமைதியா நிக்குது. ஐட்லிங் ஆட்டம் போச்சு, வாசனையும் இல்ல. புதுக்கோட்டை வரைக்கும் போய்ட்டு வந்து டேங்க் டு டேங்க் பாத்ததுல 16.8. ஒர்க்ஷாப்ல சொன்ன தொகைல பத்துல ஒரு பங்கு கூட ஆகல. எல்லாருக்கும் மனசார நன்றி.

சேலம்_பயணி:
ப்ளஸ் 4ங்கறது அப்ப ஈ20 பங்குன்னு எடுத்துக்கலாம் போல. வாழ்த்துகள் சார்.

வைகை_டிரைவர்:
அண்ணே, ஒரு கடைசி சந்தேகம். முன்னாடி சென்சார்ல சிலிக்கா உக்காந்துச்சுன்னா பின்னாடி சென்சார்லயும் கேட்டலிட்டிக்லயும் கொஞ்சம் போயிருக்காதா? அதையும் கழட்டிப் பாக்க வேணாமா?

ஸ்பானர்22:
கொஞ்சம் போயிருக்கலாம், ஆனா அந்தப் பின் சென்சார் கால எடுத்ததும் பூஜ்யத்துக்கு விழுந்து மிதிச்சதும் மேல வந்துச்சுன்னு அவரே எழுதிருக்காரு, அது ஆரோக்கியமா இருக்கு. நல்லா இருக்கறத கழட்டினா மரை தான் கெடும். கேட்டலிட்டிக்குக்கு இப்படி பாருங்க சார்: மாசத்துக்கு ஒரு தடவ ஹைவேல 80ல நிதானமா போகும்போது பின் சென்சார் க்ராஃப பாருங்க. 0.6, 0.7ல கோடு மாதிரி நின்னா கேட்டலிட்டிக் ஆக்சிஜன பிடிச்சு வச்சு வேல செய்யுது. முன் சென்சார் குதிக்கற மாதிரியே பின்னாடியும் குதிக்க ஆரம்பிச்சா அப்ப வாங்க, பேசலாம். அதுவரைக்கும் ஆயில் லெவல் மட்டும் கவனிச்சுக்கோங்க, ஆயில் குடிக்க ஆரம்பிச்சா அந்த சாம்பலும் சென்சாருக்கு ஆகாது.